டெர்பியில் எந்தக் குதிரை மேல் பணம் கட்டுவது?

புதுச்சேரியிலிருந்து சாளுக்கியா எக்ஸ்பிரஸ் பிடித்து மும்பை தாதரில் இறங்கி, மாமா வீட்டில் தங்கி, பிப்ரவரி முதல் ஞாயிறு மகாலட்சுமி குதிரைப் பந்தய மைதானத்தில் இந்தியன் டெர்பி பார்க்கப் போகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். ரேஸ் பக்கம் இதுவரை போனதில்லை, கையில் 2,000 ரூபாய் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன், ஜெயிக்கிற குதிரையை எப்படிக் கண்டுபிடிப்பது, டெலிகிராமில் ஒருவர் 500 ரூபாய்க்கு உறுதியான டிப் தருகிறேன் என்கிறாரே வாங்கலாமா என்பது கேள்வி. இதில் இரண்டு கேள்விகள் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன. எந்தக் குதிரைக்கு வாய்ப்பு அதிகம் என்பது ஒன்று. எந்தக் குதிரை மேல் பணம் கட்டலாம் என்பது வேறொன்று. கடலூர் முதுநகர் துறைமுகத்தில் விடியற்காலை ஏலம் எடுக்கிறவர் மீன் நல்ல மீனா என்று மட்டும் பார்ப்பதில்லை, அந்த விலைக்கு அது நல்ல மீனா என்று பார்க்கிறார். ரேஸிலும் அதேதான். முதலில் மீனைப் பார்ப்போம், விலைக்குப் பிறகு வருவோம்.

டெர்பி 2,400 மீட்டர். நம் நாட்டுக் கணக்கில் நான்கு வயதுக் குதிரைகளுக்கு மட்டுமான பந்தயம். ஆண் குதிரை 57 கிலோ சுமக்கும், பெண் குதிரைக்கு ஒன்றரைக் கிலோ சலுகை, 55.5. மற்ற நாட்களில் நடக்கும் பெரும்பாலான பந்தயங்கள் ‘ஹேண்டிகேப்’ வகை. அதாவது நல்ல குதிரைக்கு அதிக எடை, சுமாரான குதிரைக்குக் குறைந்த எடை ஏற்றி, எல்லாம் ஒன்றாக வந்து சேரும்படி செய்யப் பார்ப்பார்கள். டெர்பியில் அந்தச் சமன் கிடையாது. அதனால் பழைய ஓட்டங்களைப் படிக்கும்போது ‘யார் ஜெயித்தது’ என்பதைவிட ‘எத்தனை கிலோவோடு’ என்பதுதான் முக்கியம். எடை என்பது ஜாக்கியும் சேணமும் தேவைப்பட்டால் ஈயத் தகடும் சேர்ந்தது.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். 1,600 மீட்டர் ஹேண்டிகேப் ஒன்றில் முதல் குதிரை 53 கிலோவோடு நான்கு லெங்த் வித்தியாசத்தில் ஜெயித்தது, இரண்டாவதாக வந்தது 60 கிலோ சுமந்தது என்று வையுங்கள். ஒரு லெங்த் என்பது மூக்கிலிருந்து வால் வரை ஒரு குதிரை நீளம், ஏறத்தாழ 2.4 மீட்டர். 1,600 மீட்டரில் ஒரு கிலோ எடை ஏறக்குறைய ஒரு லெங்த்துக்குச் சமம் என்பது கைக்கணக்கு. குறைந்த தூரத்தில் முக்கால் லெங்த், 2,400 மீட்டரில் ஒன்றரை வரை போகும். இப்போது பாருங்கள்: ஏழு கிலோ வித்தியாசம் என்றால் ஏழு லெங்த். தோற்றது நான்குதான். இரண்டும் ஒரே எடையில் ஓடியிருந்தால் தோற்ற குதிரை மூன்று லெங்த் முன்னால் வந்திருக்கும். ரேஸ் புத்தகத்தில் ஒன்றாம் இடம் என்று தடித்த எழுத்தில் இருப்பதைப் பார்த்துப் பணம் கட்டுகிற கூட்டத்துக்கு இது தெரிவதில்லை. இந்தக் கைக்கணக்கை இயற்பியல் விதி மாதிரி எடுத்துக்கொள்ளக் கூடாது. பெரிய உடம்புக் குதிரைக்கு எடை அவ்வளவாக உறைக்காது, சின்னக் குதிரை சோர்ந்துவிடும். ஆனால் இரண்டு குதிரைகளை ஒப்பிட வேறு நல்ல அளவுகோல் கிடையாது.

அடுத்தது தூரம். டெர்பியில் எல்லாரும் வழுக்குகிற இடம் இதுதான். டிசம்பரில் அதே மைதானத்தில் 2,000 கினீஸ், பெண் குதிரைகளுக்கு 1,000 கினீஸ் நடக்கும். பெயரில் ஆயிரங்கள் இருந்தாலும் இரண்டுமே 1,600 மீட்டர்தான். அங்கே ஜெயித்த குதிரையைப் பத்திரிகைகள் தூக்கி வைத்துக் கொண்டாடும், டெர்பியில் அது ஃபேவரிட்டாக, அதாவது அதிகம் பேர் பணம் கட்டும் குதிரையாக வரும். ஆனால் டெர்பி அதைவிட 800 மீட்டர் நீளம், ஒன்றரை மடங்கு. கினீஸில் கடைசி 200 மீட்டரில் யார் நெருங்கிக்கொண்டு வந்தார்கள் என்று பாருங்கள். ஜெயித்த குதிரை முடிவுக் கம்பத்தில் தளர்ந்து, மூன்றாவதாக வந்தது மூன்று லெங்த்திலிருந்து ஒரு லெங்த்துக்குக் குறைத்துக்கொண்டு வந்திருந்தால், 2,400 மீட்டருக்கு நான் மூன்றாவதைத்தான் எடுப்பேன். பந்தய வீடியோக்கள் இணையத்தில் கிடைக்கின்றன. முடிவுக் கம்பத்தோடு நிறுத்திவிடாமல் அதற்குப் பிறகு வரும் சில விநாடிகளையும் பாருங்கள். கம்பம் தாண்டிய பிறகும் மற்றவற்றைக் கடந்து ஓடிக்கொண்டிருக்கிற குதிரைக்கு மூச்சு மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம்.

2,400 மீட்டர் ஏற்கெனவே ஓடிய குதிரைகள் டெர்பியில் சிலதான் இருக்கும். பெண் குதிரைகளுக்கான ஓக்ஸ் அதே தூரம், டெர்பிக்குச் சற்று முன்னால் நடக்கிறது. பெங்களூர், கொல்கத்தா குளிர்காலப் பந்தயங்களிலிருந்து வருகிறவற்றிலும் சில இருக்கும். மற்றவற்றுக்குத் தகப்பன் குதிரையையும் தாயையும் பார்க்க வேண்டும். தகப்பனுக்குப் பிறந்த குட்டிகள் 1,200 மீட்டரிலேயே ஜெயிக்கிறவையா, 2,000 மீட்டருக்கு மேல் ஜெயித்தவை உண்டா, அதே தாய்க்குப் பிறந்த அண்ணன் அக்கா எவ்வளவு தூரம் ஓடின என்பதுதான் கேள்வி. இது நிச்சயம் இல்லை, சாய்வு மட்டும். தூரம் தாங்குமா என்று சந்தேகம் உள்ள குதிரை ஃபேவரிட்டாக இருந்தால் அதை விட்டுவிடலாம் என்று முடிவெடுக்க இந்தச் சாய்வே போதும். பெண் குதிரை என்பதற்காக ஒதுக்க வேண்டியதில்லை. 1943இல் நடந்த முதல் டெர்பியையே பிரின்சஸ் பியூட்டிஃபுல் என்ற பெண் குதிரைதான் வென்றது, 2010இல் ஜாக்குலின் வென்றது. ஒன்றரைக் கிலோ சலுகை இரண்டு லெங்த்துக்கு மேல் பெறும்.

தரை பற்றி ஒரு வார்த்தை. கடலூர் சில்வர் பீச்சில் அலை நனைத்த மணலில் ஓடிப் பாருங்கள், பிறகு மேலே காய்ந்த மணலில் ஓடிப் பாருங்கள். குதிரைக்கும் அப்படித்தான். ஒவ்வொரு ரேஸ் நாளும் தரையின் இளக்கத்தை பெனட்ரோமீட்டர் என்ற கருவியால் அளந்து ஓர் எண் சொல்வார்கள். எண் கூடக் கூடத் தரை இளகியிருக்கிறது. புனே சீசன் மழைக்காலத்தில் நடப்பது, அங்கே தரை பெரும்பாலும் இளகியிருக்கும். பிப்ரவரி மும்பையில் மழை கிடையாது. ஆகவே புனேயில் சேற்றில் அடித்துப் போட்ட குதிரை மகாலட்சுமியில் அதே மாதிரி ஓடும் என்று எழுதி வைக்காதீர்கள். அதே போல் புனேயில் சொதப்பிய குதிரையைத் தள்ளியும் வைக்காதீர்கள். மும்பை வந்த பிறகு ஓடிய ஓட்டத்தை மட்டும் பாருங்கள்.

பத்திரிகைகளில் ‘டிராக் வொர்க்’ என்று காலைப் பயிற்சி நேரங்கள் வரும். இதைப் படிக்கத் தெரிந்தால் ரயிலில் உங்களுக்கு நல்ல பொழுதுபோக்கு. உதாரணத்துக்கு ‘1,000/600 மீ. 1-7/39’ என்று இருந்தால், ஆயிரம் மீட்டரை ஒரு நிமிடம் 7 விநாடியில் ஓடியது, அதில் கடைசி 600 மீட்டர் 39 விநாடி என்று பொருள். 67இல் 39 போனால் 28. முதல் 400 மீட்டருக்கு 28 விநாடி, அதாவது 200க்கு 14. கடைசியில் 200க்கு 13. மெதுவாகத் தொடங்கி வேகம் கூட்டி முடித்திருக்கிறது, நல்ல அறிகுறி. பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ‘ஆர்பி’ என்று இருந்தால் ரைடிங் பாய், அதாவது பயிற்சிக்கு மட்டும் ஏறுகிற ஆள் ஓட்டியது. பந்தயத்தில் ஏறப்போகிற ஜாக்கியே காலையிலும் ஏறியிருந்தால் லாயம் அக்கறையாக இருக்கிறது. ‘ஈஸியாக’ ஓடி வந்த 40 விநாடிக்கும் ‘விரட்டி’ வாங்கிய 38 விநாடிக்கும் இடையே நான் முன்னதை எடுப்பேன். ஆனால் பயிற்சி நேரம் ஒன்றைத்தான் சொல்லும்: குதிரை உடம்பு சரியாக இருக்கிறது. திறமை எவ்வளவு என்று சொல்லாது. மணல் டிராக்கா புல்லா, உள்வட்டமா வெளிவட்டமா என்பதைப் பொறுத்து நேரம் மாறும். இரண்டு குதிரைகளின் பயிற்சி நேரத்தை ஒன்றோடொன்று ஒப்பிடுவது வீண். ஒரே குதிரையின் போன வார நேரத்தோடு இந்த வார நேரத்தை ஒப்பிடுங்கள்.

ஜாக்கி விஷயத்தில், பெரிய லாயங்கள் ஒரே டெர்பியில் மூன்று நான்கு குதிரைகளை இறக்கும். அந்த லாயத்தின் முதல் ஜாக்கி அவற்றில் எதில் ஏறுகிறார் என்பது காசு கொடுக்காமல் கிடைக்கிற தகவல். காலையில் எல்லாக் குதிரைகள் மேலும் உட்கார்ந்து பார்த்தவர் அவர். தவறும்தான், ஆனாலும் வெளியில் டிப் விற்கிறவரைவிட அவருக்குத் தெரியும். அதே லாயத்தின் இன்னொரு குதிரை முன்னால் ஓடி வேகம் கட்டித் தர மட்டும் வந்திருக்கலாம், அதையும் கவனியுங்கள். ஓட்ட அட்டவணையில் முன்னாலேயே ஓடுகிற பழக்கமுள்ள குதிரைகள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். ஒன்றே ஒன்று இருந்தால் அது சாவகாசமாக ஓடிக் கடைசிவரை பிடி கொடுக்காது. மூன்று இருந்தால் ஒன்றையொன்று விரட்டி மூன்றும் களைக்கும், பின்னாலிருந்து வருகிறது ஜெயிக்கும். கேட் எண், அதாவது எந்தக் கதவிலிருந்து ஓடத் தொடங்குகிறது என்பது, 1,000 மீட்டரில் உயிர், 2,400இல் அவ்வளவு இல்லை. ஆனால் திருப்பத்தில் வேலிப் பக்கமிருந்து ஒரு குதிரை அகலம், சுமார் ஒரு மீட்டர், வெளியே ஓடினால் அரைவட்டத்துக்கு மூன்று மீட்டருக்கு மேல் கூடுதலாக ஓட வேண்டும். இரண்டு திருப்பம், மூன்று குதிரை வெளியே என்றால் ஏறத்தாழ எட்டு லெங்த் அங்கேயே போய்விட்டது. பழைய வீடியோவில் ஒரு குதிரை இப்படி அகலமாக ஓடித் தோற்றிருந்தால் பெயரைக் குறித்து வையுங்கள்.

மைதானத்தில் பந்தயத்துக்கு முன்னால் குதிரைகளைப் பேடாக்கில் சுற்றி நடத்துவார்கள். அங்கே போய் நில்லுங்கள். நடக்கும்போது பின்குளம்பு, முன்குளம்பு பதிந்த இடத்தைத் தாண்டி விழுகிறதா பாருங்கள். தாண்டி விழுந்தால் உடம்பு இளக்கமாக, வலியில்லாமல் இருக்கிறது. தோல் எண்ணெய் தேய்த்த மாதிரி மினுமினுக்க வேண்டும். கழுத்தில் வியர்வை பரவாயில்லை, மும்பை வெயில் அப்படி. பின்தொடைகளுக்கு இடையில் சோப்பு நுரை மாதிரி வெள்ளையாகக் கட்டியிருந்து, வாலைச் சுழற்றி, பிடித்திருக்கிற ஆளை இழுத்துக்கொண்டு நடந்தால் அது தன் சக்தியை அங்கேயே செலவழிக்கிறது. இருந்தாலும் சில குதிரைகள் எப்போதுமே இப்படித்தான் வியர்க்கும், வியர்த்தே ஜெயிக்கும். முதல் தடவை பார்க்கிற நமக்கு அது தெரியாது. அதனால் பேடாக்கை ஒரு குதிரையைக் கழிக்க மட்டும் பயன்படுத்துங்கள், புதிதாக ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். பிளிங்கர் என்ற கண்மறைப்பை முதல் தடவையாகப் போட்டிருக்கிறார்களா, இரும்பு லாடமா அலுமினிய லாடமா என்பதையும் அறிவிப்பார்கள். அலுமினியம் எடை குறைவு. இதுவரை இரும்போடு ஓடியது திடீரென்று அலுமினியத்தோடு வந்தால் லாயம் இன்றைக்கு முயற்சி செய்கிறது என்று பழைய ரேஸ்காரர்கள் சொல்வார்கள். டெர்பியில் எல்லாரும் முயற்சிதான் செய்கிறார்கள், அதனால் அங்கே இதற்குப் பெரிய மதிப்பு இல்லை.

இப்போது விலை. உங்கள் பணத்தைக் காப்பாற்றுவதோ கரைப்பதோ இதுதான், அதனால் நிதானமாகப் படியுங்கள். மூன்றுக்கு ஒன்று என்று புக்கி, அதாவது மைதானத்தில் நம்மிடம் பணம் வாங்கிப் பந்தயம் எழுதுகிறவர், பலகையில் எழுதியிருந்தால், 100 கட்டி ஜெயித்தால் 300 லாபம், கட்டினதும் சேர்த்து 400 கையில். அந்த விலை அந்தக் குதிரைக்கு நான்கில் ஒரு வாய்ப்பு, 25 சதவீதம் என்று சொல்கிறது. உங்கள் கணிப்பில் வாய்ப்பு 30 சதவீதம் என்றால் பத்துத் தடவை கட்டினால் மூன்று தடவை 400, மொத்தம் 1,200. கட்டியது 1,000. லாபம் என்று தோன்றும். ஆனால் 2025 செப்டம்பர் 22 முதல் ரேஸ் பந்தயத்துக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம். அதற்கு முன் 28 இருந்தது. இது லாபத்தின் மேல் விதிக்கும் வரி இல்லை, கட்டுகிற முழுத் தொகைக்கும் வரி. 100 ரூபாய் பந்தயத்துக்கு 140 கொடுக்கிறீர்கள் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். டிக்கெட் விலைக்குள்ளேயே வரியை அடக்கினாலும் பாரம் நம் தலையில்தான். பத்துத் தடவைக்கு 1,400 போய் 1,200 வந்தால் 200 நஷ்டம், அதுவும் உங்கள் கணிப்பு சரியாக இருந்தபோதே. 30 சதவீத வாய்ப்புள்ள குதிரைக்கு நான்குக்கு ஒன்றாவது கிடைத்தால்தான் கட்டுவதில் அர்த்தம். சமவிலை (100க்கு 100 லாபம்) ஃபேவரிட் மேல் 140 கொடுத்து ஜெயித்தால் வருவது 200, லாபம் வெறும் 60. இரண்டு கட்டினால் ஒன்று கிடைக்கும் என்கிற அளவுக்கு இறங்கிய குதிரை ஜெயித்தாலும் 140க்கு 150, பத்து ரூபாய். பொதுவாக ஃபேவரிட்டுகள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பந்தயத்தைத்தான் வெல்கின்றன. இந்த வரி இருக்கும்வரை குறைந்த விலை ஃபேவரிட் மேல் கட்டுவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

உங்கள் 2,000 ரூபாய் வரி போக 1,428 ரூபாய்ப் பந்தயம்தான். அன்றைக்கு ஏழெட்டுப் பந்தயம் இருக்கும், டெர்பி பின்னால் வரும். முன்னாடியே தீர்த்துவிடாமல் பாதியை டெர்பிக்கு வைத்திருங்கள். வின் (முதலில் வந்தால் மட்டும் பணம்) அல்லது பிளேஸ் மட்டும் கட்டுங்கள். எட்டோ அதற்கு மேலோ குதிரைகள் ஓடினால் முதல் மூன்றில் வந்தாலே பிளேஸ் கிடைக்கும். தனாலா என்பது முதல் மூன்றையும் வரிசை மாறாமல் சொல்வது. 12 குதிரையில் அதற்கு 1,320 வரிசைகள் உண்டு. ஜாக்பாட் ஐந்து பந்தயங்களில் ஜெயிக்கிற குதிரையைச் சொல்வது. பந்தயத்துக்குப் பத்துக் குதிரை என்றால் ஒரு லட்சம் சேர்க்கை. உங்கள் பணத்துக்கு அவை பொருந்தாது. புக்கியிடம் நீங்கள் எடுத்த நேரத்து விலை அப்படியே நிற்கும். எல்லாரும் கட்டிய பணத்தைச் சேர்த்து ஜெயித்தவர்களுக்குப் பிரித்துத் தருகிற டோட்டில் கேட் திறக்கும்வரை விலை மாறிக்கொண்டே இருக்கும், கடைசி நிமிடத்தில் கூட்டம் கொட்டினால் ஐந்துக்கு ஒன்று மூன்றாக இறங்கிவிடும். ஒரே டிக்கெட்டில் 10,000 ரூபாய்க்கு மேல் ஜெயித்தால் 30 சதவீதம் வருமான வரி பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். வேறு பந்தயத்தில் தோற்றதை அதில் கழிக்க முடியாது.

டெலிகிராம் டிப் வாங்காதீர்கள். அது நடக்கிற விதம் இதுதான்: எட்டுக் குதிரை ஓடுகிற பந்தயத்துக்கு 800 பேர் பணம் கட்டினால், நூறு நூறு பேராகப் பிரித்து ஒவ்வொரு நூறு பேருக்கும் ஒரு குதிரையை ‘உறுதி’ என்று அனுப்பினால் போதும். எப்படியும் நூறு பேருக்குப் பலித்துவிடும், அவர்கள் அடுத்த வாரம் இரட்டிப்பாகக் கொடுப்பார்கள், மற்றவர்களுக்குக் காட்ட அவர்களுடைய டிக்கெட் படமும் கிடைக்கும். 1996இல் தமிழ்நாடு அரசின் தடைச் சட்டம் பற்றிய கே.ஆர். லட்சுமணன் வழக்கில் குதிரைப் பந்தயம் திறமை சார்ந்தது என்று உச்ச நீதிமன்றம் சொன்னதை இவர்கள் விளம்பரத்தில் போடுகிறார்கள். அந்தத் தீர்ப்பு பேசியது குதிரையின் திறமை, ஜாக்கியின் திறமை, பார்த்துக் கணிக்கிறவரின் திறமை பற்றி. டிப் வாங்குகிறவருக்கு அதில் பங்கு கிடையாது. கடலூரிலும் புதுச்சேரியிலும் போனிலேயே பந்தயம் எழுதிக்கொள்கிறேன், வரி கிடையாது என்று சொல்கிறவர்களிடமும் போகாதீர்கள். மைதானத்துக்கு வெளியே அப்படி எழுதுவது சட்டத்துக்கு விரோதம், கையில் டிக்கெட் இருக்காது, ஜெயித்தால் யாரிடம் போய்க் கேட்பீர்கள்?

எனவே ரயில் ஏறும் முன் இதைச் செய்யுங்கள். டெர்பி ஓட்டப் பட்டியலை எடுத்து, 2,400 தாங்காது என்று தோன்றுகிறவற்றை அடியுங்கள். காய்ந்த தரையில் ஒன்றும் செய்யாதவற்றை அடியுங்கள். எடைக் கணக்கில் பின்தங்குகிறவற்றை அடியுங்கள். பெரும்பாலும் மூன்று அல்லது நான்கு மிஞ்சும். ஒவ்வொன்றுக்கும் எத்தனை சதவீத வாய்ப்பு என்று பென்சிலால் எழுதி, பக்கத்தில் எந்த விலைக்குக் கீழே கட்ட மாட்டேன் என்றும் எழுதி வையுங்கள். 140ஐ அந்தச் சதவீதத்தால் வகுத்து, வருவதிலிருந்து ஒன்றைக் கழித்தால் அதுதான் அந்த விலை. 20 சதவீதத்துக்கு ஏழு, அதில் ஒன்று போனால் ஆறுக்கு ஒன்று. மைதானத்தில் பலகை அதைவிடக் குறைவாகக் காட்டினால் கட்டாமல் வேலி ஓரம் போய் நின்று பந்தயத்தைப் பாருங்கள். கடைசி 600 மீட்டரில் எந்த ஜாக்கி இன்னும் கையை அசைக்காமல் உட்கார்ந்திருக்கிறார் என்று மட்டும் கவனியுங்கள், டெர்பியில் அதைவிட அழகான காட்சி கிடையாது. கட்டியிருந்தால், உங்கள் குதிரை இரண்டாவதாக வந்தாலும் டிக்கெட்டைக் கிழித்துவிடாதீர்கள். ஜெயித்தது வழிமறித்தது என்று ஆட்சேபணை எழுந்தால் பந்தய நடுவர்களான ஸ்டூவர்டுகள் வீடியோ பார்த்து முடிவையே மாற்றுவதுண்டு. ‘ஆல் கிளியர்’ என்று அறிவிக்கும்வரை அது உங்கள் சட்டைப் பையிலேயே இருக்கட்டும்.